ஏழு வருடம் உதவி உறுப்பினர், ஆனால் பட்டியலில் பெயர் இல்லை: தொண்டர் தீயணைப்பு நிலையங்களில் எங்களுக்கு என்ன உரிமை?

குளிர்காலக்குயில்

எல்லோருக்கும் வணக்கம். ஒன்ராறியோவில் ஒரு சின்னப் பட்டினத்தில் இருக்கிறோம். ஊர்ப் பெயர் வேண்டாம், காரணம் போகப் போக விளங்கும். எங்கள் தீயணைப்பு நிலையத்தில் சீஃப் மட்டும்தான் முழுநேரச் சம்பளத்துக்கு இருப்பவர். மற்ற எல்லோரும் தொண்டர்கள். பேஜர் அடித்தால் தச்சர், பள்ளிக்கூட பஸ் ஓட்டுநர், பால்பண்ணைக்காரர் என்று எல்லோரும் செய்கிற வேலையைப் போட்டுவிட்டு ஓடி வருவார்கள்.

நான் நெருப்புக்குள் போகிறவள் இல்லை. உதவி உறுப்பினர். வேனில் கோப்பியும் சூப்பும் கொண்டுபோவது, காற்றுச் சிலிண்டர்களை மாற்றிக் கொடுப்பது, யார் எத்தனை மணிக்கு உள்ளே போனார், எப்போது வெளியே வந்தார் என்று பலகையில் எழுதுவது, இவைதான் என் வேலை. இரண்டு சிலிண்டர் முடித்து வந்தவரை 20 நிமிடம் உட்கார வைத்து நாடி பார்க்காமல் திரும்ப உள்ளே விடமாட்டேன். அதற்காக என்னோடு சண்டை பிடிக்காதவர் எங்கள் நிலையத்தில் இல்லை.

போன சனவரியில் ஒரு மாட்டுக்கொட்டகை எரிந்தது. இரவு இரண்டரை மணி, சைபருக்குக் கீழே 22. தண்ணீர் பட்ட கையுறை ஐந்து நிமிடத்தில் மரக்கட்டை மாதிரி ஆகிவிடும், விரலை மடக்க முடியாது. பிளாஸ்டிக் தொட்டியில் வெந்நீர் வைத்து, கையுறையோடு கையை அதற்குள் விடச்சொல்லித்தான் கழற்றுவேன். ஒருவருடைய மேலங்கி ஸிப் உறைந்துபோய், என் தேர்மஸிலிருந்து தேத்தண்ணியை ஊற்றித்தான் திறந்தோம். விடியக்காலை ஆறு மணிக்கு நிலையத்துக்குத் திரும்பி வந்து சிலிண்டர்களை இறக்கும்போது வாசல் ஐசில் வழுக்கி விழுந்தேன். மணிக்கட்டு முறிந்தது.

ஆஸ்பத்திரிச் செலவை ஓஹிப் (மாகாண மருத்துவக் காப்புறுதி) பார்த்துக்கொண்டது, அது பிரச்சினை இல்லை. எனக்கு வேலை ஒரு களஞ்சியத்தில், பெட்டி தூக்க வேண்டும். ஆறு கிழமை சம்பளம் இல்லை. நகரசபை அலுவலகத்தில் கேட்டால், பணிக்காயக் காப்புறுதிக்குக் கொடுத்த தொண்டர் பட்டியலில் உங்கள் பெயர் இல்லையே என்றார்கள். ஏழு வருடமாக இருக்கிறேன். நிலைய நத்தார் விருந்துப் படத்தில் எல்லாம் நான் இருக்கிறேன்!

கேள்வி இதுதான். என்னைப் போன்றவர்களுக்கு அதிகாரபூர்வமாக ஏதாவது அந்தஸ்து உண்டா? வரிச்சலுகை எங்களுக்குப் பொருந்துமா? இதே இடத்தில் இருந்து வெளியே வந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

மூன்றாம்ஹோஸ்

அக்கா, முதலில் கை எப்படி இருக்கிறது? நான் வேறொரு ஊரில் ஒன்பது வருஷமாக உள்ளே போகிற ஆள். மதுரைக்காரன். நீங்கள் சொன்ன அந்த வெந்நீர்த் தொட்டி எங்களிடம் இல்லை. நாளைக்கே சீஃபிடம் கேட்கப்போகிறேன்.

ஆனால் மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நஷ்டஈடு உங்களுக்குக் கட்டாயம் கிடைத்திருக்க வேண்டும், அதில் இரண்டு பேச்சு இல்லை. வரிச்சலுகை, பதக்கம் என்று போகும்போது கொஞ்சம் யோசிக்கிறேன். கூரை இடிந்து விழும் வீட்டுக்குள் போகிறவருக்கும் வெளியே நிற்கிறவருக்கும் ஒரே சலுகை என்றால், நாளைக்கு யார் உள்ளே போகப் பயிற்சி எடுப்பார்கள்?

வரிமாமா_ஸ்காபரோ

பிள்ளை, வரிப்பக்கம் நான் சொல்கிறேன். 14 வருடமாக வரிப்பத்திரம் நிரப்பிக் கொடுக்கிறவன்.

தொண்டர் தீயணைப்பாளர் வரிக்கழிவு 2011இல் வந்தது. அப்போது தொகை 3,000 டாலர். 2024இலிருந்து அது 6,000. முழு 6,000மும் கையில் வரும் என்று நினைத்து என்னிடம் வந்து ஏமாந்தவர்கள் பலர். அதில் 15 வீதம்தான் வரியில் கழியும், அதாவது 900 டாலர். வரியே கட்டாத அளவு குறைந்த வருமானம் என்றால் அதுவும் இல்லை, திருப்பித் தருகிற வகை அல்ல.

இதற்கு வருடத்தில் 200 மணித்தியாலம் வேண்டும். உங்களைப் போன்றவர்கள் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். மணித்தியாலங்களை சி.ஆர்.ஏ. (கனடா வருமானவரித் திணைக்களம்) இரண்டு வகையாகப் பிரிக்கிறது. அழைப்புக்குப் போவது, அழைப்புக்குத் தயாராக இருப்பது, நிலையக் கூட்டம், தீ தடுப்பு அல்லது தீயணைப்புக்கான கட்டாயப் பயிற்சி, இவை முதல்நிலை. வாகனம் கழுவுவது, கருவி பராமரிப்பது போன்ற மற்றதெல்லாம் இரண்டாம் நிலை. இரண்டையும் கூட்டலாம், ஆனால் முதல்நிலை மணித்தியாலம் இரண்டாம் நிலையை விடக் கூடவாக இருந்தால்தான். குறைந்தால் இரண்டாம் நிலை முழுக்கக் கணக்கில் வராது.

இன்னொன்று. நிலையம் உங்களுக்குச் சன்மானம் ஏதாவது கொடுக்கிறதா? அவசரசேவைத் தொண்டருக்கு 1,000 டாலர் வரை வரியில்லை, டீ4 என்ற வருடச் சம்பளச் சீட்டில் 87ஆம் பெட்டியில் வரும். ஆனால் கழிவையும் இந்த விலக்கையும் சேர்த்து எடுக்க முடியாது. கழிவை எடுத்தால் சன்மானம் முழுவதுக்கும் வரி. பெரும்பாலும் கழிவுதான் லாபம், இருந்தாலும் இரண்டையும் போட்டுப் பார்க்காமல் கையெழுத்து வைக்காதீர்கள்.

சில்லறைத்திருத்தம்

சின்னத் திருத்தம் மாமா. 2025க்கு அடிமட்ட வரிவீதம் 14.5 ஆனதால் 900 இல்லை, 870.

வரிமாமா_ஸ்காபரோ

சரி தம்பி. 30 டாலரைக் கண்டுபிடித்துக் குறைத்ததற்கு நன்றி.

குளிர்காலக்குயில்

மாமா, உங்கள் பதிவைப் பார்த்த பிறகு என் பழைய டயரியைத் தூக்கி வைத்துக்கொண்டு கணக்குப் பார்த்தேன். போன வருடம் மொத்தம் 263 மணித்தியாலம். அதில் சிலிண்டர் நிரப்புதல், வேன் சுத்தம், பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் புகை அலாரம் பற்றிச் சொல்லிக்கொடுத்தல், நிதி சேர்த்தல் எல்லாம் சேர்த்து 190. அழைப்பும் கூட்டமும் பயிற்சியும் 73. அப்படியென்றால் எனக்கு 73தான் கணக்கு, அப்படித்தானே? 190 மணித்தியாலம் தண்ணீரில் போட்ட உப்பா?

வரிமாமா_ஸ்காபரோ

அப்படித்தான். ஆனால் இதைத் திருப்பிப் போடலாம். பெரும்பாலான நிலையங்களில் கிழமைக்கு ஒரு இரவு இரண்டு மணித்தியாலப் பயிற்சி இருக்கும். 52 கிழமையும் போனால் 104. மற்ற வேலைகளை 100 மணித்தியாலமாகக் குறைத்தால் 204 வருகிறது, முதல்நிலையும் கூட. ஆனால் அந்தப் பயிற்சி உங்களுக்கும் கட்டாயம் என்று நிலையம் எழுத்தில் வைத்திருக்க வேண்டும். சும்மா வந்து மூலையில் உட்கார்ந்திருந்ததாக இருக்கக்கூடாது. சி.ஆர்.ஏ. கேட்டால் சீஃப் கையெழுத்திட்ட கடிதம் காட்ட வேண்டும், அவர் பொய்க்குக் கையெழுத்து வைக்கமாட்டார், வைக்கவும் கூடாது.

இதைவிடப் பெரிய சிக்கல், சட்டத்தில் ‘தொண்டர் தீயணைப்பாளராக’ செய்த சேவை என்றுதான் இருக்கிறது. நீங்கள் அந்தச் சொல்லுக்குள் வருகிறீர்களா என்பது என் மேசைக்கு வெளியே. சட்டம் தெரிந்தவர் யாராவது வாருங்கள்.

பைலாபைத்தியம்

என்னைத்தான் கூப்பிடுகிறார். இருபது வருடம் ஒரு நகரசபையில் எழுதுவினைஞர் வேலை பார்த்தவன், ஓய்வு பெற்றுவிட்டேன்.

ஒன்ராறியோவில் இதற்கு மூலச் சட்டம் 1997ஆம் ஆண்டின் தீப் பாதுகாப்பு, தடுப்புச் சட்டம். அதில் ‘தீயணைப்பாளர்’ என்றால் ஹோஸ் பிடிப்பவர் என்று எங்கும் இல்லை! தீயணைப்புத் துறையில் வேலைக்கு வைக்கப்பட்ட அல்லது நியமிக்கப்பட்ட, தீப் பாதுகாப்புச் சேவைகளைச் செய்யும்படி ஒதுக்கப்பட்ட ஆள். அவ்வளவுதான். அந்தச் சேவைகள் எவை என்று பார்த்தால், அணைப்பதோடு தடுப்பும், தீப் பாதுகாப்புக் கல்வியும், தகவல்தொடர்பும், பயிற்சியும், மீட்பும் வருகின்றன. இவற்றைச் சம்பளமில்லாமலோ பெயரளவுச் சன்மானத்துக்கோ செய்பவர் ‘தொண்டர் தீயணைப்பாளர்’.

தங்கச்சி, நீங்கள் பள்ளிக்கூடத்தில் புகை அலாரம் பற்றிச் சொல்லிக்கொடுத்தீர்களே, அது தீப் பாதுகாப்புக் கல்வி. பலகையில் யார் உள்ளே, யார் வெளியே என்று எழுதி ரேடியோவில் சொன்னால் அது தகவல்தொடர்புக்கு மிக அருகில் வருகிறது. கோப்பி மட்டும் என்றால் வாதாட வேண்டியிருக்கும்.

ஆகவே உங்களிடம் இல்லாதது தகுதி இல்லை, நியமனம். அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் தொங்குகிறது. ஒவ்வொரு நகரசபையும் தன் தீயணைப்புத் துறையை ஒரு பை-லா, அதாவது நகரசபை தானே இயற்றும் சட்டம், மூலம்தான் நிறுவுகிறது. துறை என்னென்ன சேவை செய்யும், யார் யார் உறுப்பினர், யார் நியமிக்கலாம் எல்லாம் அதில் இருக்கும். அதைக் கேட்டு வாங்குங்கள், பொது ஆவணம், ஒளிக்க முடியாது. அதில் உதவி உறுப்பினர் என்ற வகை இருந்து, சீஃப் உங்களை எழுத்தில் நியமிக்காமல் விட்டிருந்தால் அது அவர்களின் கவனக்குறைவு. வகையே இல்லையென்றால் பை-லாவைத் திருத்தக் கேட்க வேண்டும்.

காப்புறுதிக்கும் இதே கதைதான். பணிக்காயச் சட்டம் நகரசபையின் தொண்டர் தீயணைப்புப் படை உறுப்பினரையும் தொழிலாளியாகவே பார்க்கிறது. ‘உறுப்பினர்’ என்று காட்ட உங்களிடம் என்ன காகிதம் இருக்கிறது? நத்தார் விருந்துப் படம் போதாது.

இதோடு இன்னொன்றையும் கேட்டு வையுங்கள்: என்ன வருமானத்தைக் காட்டித் தொண்டர்களைக் காப்புறுதி செய்திருக்கிறார்கள்? பெயர் இருந்தும் தொகை குறைவாக இருந்தால் கிடைப்பதும் குறைவு. எங்கள் அலுவலகத்தில் அந்தப் படிவத்தைப் பல வருடம் யாரும் தூசி தட்டவே இல்லை. நானும் தட்டவில்லை, ஒத்துக்கொள்கிறேன்.

திருநெல்வேலி_அல்வா

நான் ஊரில் இருந்து வாசிக்கிறேன். புரியாமல் கேட்கிறேன், கனடா மாதிரி பணக்கார நாட்டில் தீயணைப்புக்குச் சம்பளம் கொடுக்க ஆள் வைக்க மாட்டார்களா? இங்கே எங்கள் தீயணைப்பு மீட்புப் பணித்துறை முழுக்க அரசு ஊழியர்கள்.

மூன்றாம்ஹோஸ்

நானும் வந்த புதிதில் இதையேதான் கேட்டேன். டொராண்டோ போன்ற பெரிய நகரங்களில் சம்பளத்துக்குத்தான் இருக்கிறார்கள். அதைத் தாண்டி ஒரு மணி நேரம் காரில் போய்ப் பாருங்கள், மூவாயிரம் நாலாயிரம் பேர் இருக்கிற ஊருக்கு 24 மணி நேரமும் சம்பளம் கொடுத்து ஆள் வைத்தால் சொத்துவரி எங்கேயோ போய்விடும். நாடு முழுக்கத் தீயணைப்பில் இருப்பவர்களில் பத்துக்கு ஏழு பேர் தொண்டர்கள், ஏறக்குறைய 90,000 பேர். நாட்டின் பெரும்பகுதியில் தீ என்றால் வருவது பக்கத்து வீட்டுக்காரர்தான்.

அப்புறம், பைலா அண்ணாச்சி சொன்னதைப் படித்துவிட்டு என் கருத்தில் பாதியை வாபஸ் வாங்குகிறேன். ‘தீயணைப்பாளர்’ என்ற சொல்லுக்கு நானே இவ்வளவு காலம் தப்பாக அர்த்தம் வைத்திருந்தேன்.

மீதிப் பாதியைச் சொல்கிறேன். தீயணைப்புச் சேவைக்கான கனடாவின் முன்மாதிரிச் சேவைப் பதக்கம், 1985இல் ஏற்படுத்தியது. 20 வருஷச் சேவை வேண்டும். அதில் பத்து வருஷமாவது ஆபத்து வரக்கூடிய கடமையில் இருந்திருக்க வேண்டும். அந்த நிபந்தனையில் தப்பில்லை என்பது என் எண்ணம். கோபுரம் கட்டினவர், கும்பாபிஷேகத்துக்குச் சமைத்தவர் இரண்டு பேருக்கும் மரியாதை வேண்டும். ஒரே மாலை வேண்டாம்.

பனிவிறகு

சமைத்தவருக்குச் சுட்டால் யார் மருந்து போடுவது என்பதுதான் அக்காவின் கேள்வி. மாலை அவர் கேட்கவே இல்லை.

இரவுப்பேஜர்_மனைவி

நான் உறுப்பினர்கூட இல்லை, என் கணவர் தொண்டர். இரவு பேஜர் அடித்தால் அவருடைய சப்பாத்தைத் தேடிக் கொடுப்பது என் பதவி.

எங்கள் நிலையத்தில் துணைக்குழு ஒன்று இருக்கிறது, பெரும்பாலும் மனைவிமார். பெரிய தீ என்றால் சான்ட்விச் கட்டிக்கொண்டு ஆறு பேர் இறங்குவோம். முன்பு வாசலில் கயிறு கட்டி, அதற்கு இந்தப் பக்கமே நிற்போம். இப்போது ஆள் தட்டுப்பாடு. தண்ணீர் லொறி பக்கத்தில் போக்குவரத்தைத் திருப்பி விடச் சொல்கிறார்கள், ஹோஸ் சுற்றச் சொல்கிறார்கள். வேலை கயிற்றைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது, காகிதம் இன்னும் சமையலறையிலேயே நிற்கிறது.

குயில் அக்காவின் பதிவை அச்செடுத்துக் குழுவில் வாசித்தேன். எல்லோரும் முதலில் சிரித்தார்கள், மணிக்கட்டு வந்ததும் அமைதியாகிவிட்டார்கள். ஒரு அம்மாவுக்கு 71 வயது, முப்பது வருடமாக இருக்கிறார். அவர் பெயரும் எந்தப் பட்டியலிலும் இல்லை.

மூன்றாம்ஹோஸ்

போக்குவரத்தா? அக்கா, அது உள்ளே போவதைவிட மோசம் சில நேரம். ராத்திரி நெடுஞ்சாலையில் எத்தனை டிரைவர் போனைப் பார்த்துக்கொண்டு வருகிறான். மின்னும் உடுப்பாவது கொடுத்தார்களா?

இரவுப்பேஜர்_மனைவி

கொடுத்தார்கள், இரண்டு. ஆறு பேருக்கு.

பைலாபைத்தியம்

அம்மா, அந்த இரண்டு உடுப்பு விஷயத்தை எழுதி சீஃபுக்கு மின்னஞ்சல் போடுங்கள். வாயால் சொல்ல வேண்டாம். எழுத்து போனால் பதில் எழுத்தில் வர வேண்டியிருக்கும், பதில் வந்தால் ‘இவர்கள் எங்கள் கட்டளைப்படி வேலை செய்கிறார்கள்’ என்பதற்கு அதுவே சாட்சி.

இன்னொரு சின்ன விஷயம், பலருக்கும் தெரியாது. தொண்டர்கள் சொந்தக் காரில் பச்சை விளக்கு மின்னவிட்டு வருவார்களே, அது நெடுஞ்சாலைச் சட்டம் ‘தீயணைப்பாளருக்கு’க் கொடுத்த அனுமதி, அதே 1997 சட்டத்தின் வரையறைப்படி. நியமனம் இல்லாத உதவி உறுப்பினர் அதைப் போட்டால் தப்பு. போட்டாலும் மற்றவர்கள் வழிவிட வேண்டும் என்று சட்டம் இல்லை, அது மரியாதை மட்டும். ஆகவே கோப்பி வேனில் வருபவர்கள் ஆசைப்பட்டு வாங்கிவிடாதீர்கள், கடையில் யாரும் கேட்கமாட்டான்.

ஹலிஃபாக்ஸ்_மீன்குழம்பு

நோவா ஸ்கோஷியாவில் இருந்து. எங்கள் மாகாணத்தில் தொண்டருக்கு 500 டாலர் தனியாக உண்டு, அது திருப்பித் தருகிற வகை, வரி கட்டாதவருக்கும் கையில் வரும். ஒன்ராறியோவில் இப்படி மாகாணக் கழிவு இல்லை என்று கேட்டு ஆச்சரியப்பட்டேன். அந்த 71 வயது அம்மா போன்றவர்களுக்கு 6,000 கழிவால் என்ன பிரயோசனம்? ஓய்வூதியத்தில் வரியே பெரிதாக இருக்காது. கேட்பது என்றால் திருப்பித் தருகிற வகையைக் கேளுங்கள். தீயணைப்புத் தலைவர்கள் சங்கம் 3,000ஐ 10,000 ஆக்கச் சொல்லித்தான் போராடியது, பாதிவழியில் 6,000 கிடைத்தது. தொகையைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள், யார் யாருக்கு என்று ஒருவரும் பேசவில்லை.

மூன்றாம்ஹோஸ்

இதில் ஒரு பயமும் இருக்கிறது. 2022 ஜூலையில் ஒன்ராறியோவில் சான்றிதழ் ஒழுங்குவிதி வந்தது. ஹோஸ் பிடிப்பவருக்கு மட்டும் இல்லை, பொதுக்கல்வி, பரிசோதனை, அழைப்பு எடுப்பவர், எல்லாருக்கும் அவரவர் வேலைக்கான சான்றிதழ் வேண்டும். பெரும்பாலானவற்றுக்கு 2026 ஜூலை 1 வரை கெடு கொடுத்தார்கள். எங்கள் நிலையத்தில் வயதான இரண்டு பேர் ‘இனிப் பரீட்சை எழுத முடியாது’ என்று உள்ளே போவதை விட்டு உதவிப் பக்கம் வந்துவிட்டார்கள். இருபது வருஷ அனுபவம், இப்போது சிலிண்டர் தூக்குகிறார்கள். நேற்றுவரை அவர்கள் பெயர் பட்டியலில் இருந்தது. உதவிப் பக்கம் வந்ததும் எடுத்துவிட்டார்களா, இன்னும் இருக்கிறதா? இந்த இழையைப் படித்த பிறகு எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கேட்கிறேன்.

அதே நேரம் குயில் அக்கா, ‘பொதுக்கல்வி செய்கிறேன்’ என்று நியமனம் வாங்கினால் அதற்கான சான்றிதழும் கேட்பார்கள். தயாராக இருங்கள்.

பனிவிறகு

யாராவது உயிரிழந்தால்? அதையும் கேட்டுவிடுவோம்.

பைலாபைத்தியம்

கடமையால் இறக்கும் அவசரசேவைப் பணியாளரின் குடும்பத்துக்கு மத்திய அரசு 3 லட்சம் டாலர் ஒரே தடவையாக, வரியில்லாமல் கொடுக்கிறது. 2018 ஏப்ரலில் இருந்து. தொண்டர்களும் அதில் வருவார்கள். துணைக்குழுவில் சான்ட்விச் கட்டுபவர் வருவாரா என்றால், மறுபடியும் அதே கதவைத்தான் தட்ட வேண்டும்: அவரை யார், எந்தத் தேதியில், என்ன வேலைக்கு நியமித்தார்கள்?

குளிர்காலக்குயில்

இரண்டு மாதம் கழித்து வருகிறேன். கை பரவாயில்லை, குளிர் என்றால் மட்டும் வலிக்கும். இங்கே எப்போது குளிர் இல்லை?

பை-லாவைக் கேட்டு வாங்கினேன். பழையது. ‘சீஃப் தேவைக்கேற்ப நியமிக்கும் துணை உறுப்பினர்கள்’ என்று ஒரு வரி இருந்தது! சீஃபுக்கே தெரியாது. வாசித்துக் காட்டியபோது தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். நல்ல மனிதர்தான், எனக்கு முதல் ஆளாக ஆஸ்பத்திரிக்கு வந்தவரும் அவர்தான். காகிதத்தில் மட்டும் அவருக்குப் பயம்.

இப்போது எங்கள் நாலு பேருக்கும் நியமனக் கடிதம் கொடுத்திருக்கிறார், திகதியோடு, வேலை விபரத்தோடு. புதன்கிழமைப் பயிற்சி எங்களுக்கும் கட்டாயம் என்று எழுதியிருக்கிறது. நகரசபை காப்புறுதிப் பட்டியலைத் திருத்திவிட்டது. முறிந்த கைக்கு அந்த ஆறு கிழமைச் சம்பளம் இன்னும் வரவில்லை, அதற்கு விண்ணப்பம் போட்டிருக்கிறேன், பழைய திகதிக்கு நியமனம் இல்லையே என்று இழுக்கிறார்கள். பைலா அண்ணை சொன்னபடி ஏழு வருட மின்னஞ்சல்களைத் தோண்டினேன். ‘நாளை வேனை எடுத்துக்கொண்டு வா’ என்று சீஃப் அனுப்பியது மட்டும் 40க்கு மேல். எல்லாவற்றையும் இணைத்து அனுப்பியிருக்கிறேன்.

வரிமாமா, கதவுக்குப் பக்கத்தில் ஒரு கொப்பி தொங்கவிட்டிருக்கிறோம். இரண்டு பத்தி, முதல்நிலை, இரண்டாம் நிலை. வருகிறவர் எல்லோரும் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். பேனாவைத்தான் ஒவ்வொரு கிழமையும் யாரோ கொண்டுபோகிறார்கள்.

வரிமாமா_ஸ்காபரோ

பேனாவைக் கயிற்றில் கட்டு பிள்ளை. வங்கியில் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள்.

மூன்றாம்ஹோஸ்

எங்கள் நிலையத்தில் கேட்டேன். அந்த இரண்டு பெரியவர்களின் பெயரும் பட்டியலில் இல்லை. டிசம்பரில் எடுத்திருக்கிறார்கள், அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. திங்கள் சபைக் கூட்டத்துக்கு நானும் போகிறேன். அக்கா, உங்கள் நியமனக் கடிதத்தின் நகல், பெயரை மறைத்துவிட்டு, எனக்கு அனுப்ப முடியுமா? வெந்நீர்த் தொட்டி எத்தனை லிட்டர் என்பதையும் சொல்லுங்கள்.

குளிர்காலக்குயில்

கடிதம் அனுப்பிவிட்டேன் தம்பி, உள்பெட்டியைப் பாருங்கள். தொட்டி 40 லிட்டர், மூடியுள்ளதாக வாங்குங்கள். மூடி இல்லாதது வேன் திரும்பும்போது முழுக்க உங்கள் சப்பாத்துக்குள் போய்விடும்.